தரிசென்று எழுதிய மலை

1603 ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டையிலிருந்து இயேசு சபைக் குரு ஒருவர் நீலமலையை நோக்கிப் புறப்பட்டார். ஜாகோமோ பெனிசியோ என்பது அவர் பெயர், பிறப்பால் இத்தாலியர். மலைக்கு மேலே ‘தோடமலை’ என்று ஓரிடம் உண்டு, அங்கே புனித தோமையார் காலத்துக் கிறித்தவர்கள் ஒதுங்கி, நாளடைவில் மறையை மறந்து வாழ்கிறார்கள் என்றொரு செய்தி மலையாளக் கரையில் உலவி வந்தது. மெய்யோ பொய்யோ அறிந்து வரும்படி அனுப்பப்பட்டவர் அவர். மன்னார்க்காட்டு வழியே காட்டையும் செங்குத்துகளையும் கடந்து ஏறினார், படகர் ஊரை அடைந்தார், தோடர்களைக் கண்டார். பெண்களுக்குக் கண்ணாடிகளும் நூல் கண்டுகளும் கொடுத்தார், அவர்கள் மகிழ்ந்தார்கள். எருமைகளைக் காக்கும் பூசாரியிடம் அமர்ந்து அவர்தம் வழிபாட்டைப் பற்றி விசாரித்தார். கிறித்தவர் எவரும் அங்கே இல்லை. கண்டதையும் கேட்டதையும் மடலாக எழுதினார். நீலமலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் விவரம் அதுவே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள்.

தேடிச் சென்றது அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும், அங்கே இருந்தது என்ன என்று கேட்டு எழுதிவைக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. அவருக்குப் பின் இருநூறு ஆண்டுகள் கழித்து ஏறி வந்தவர்களிடம் அப்பொறுமை அரிதாகவே காணப்பட்டது. மக்களைப் பார்த்தார்கள், காட்டைப் பார்த்தார்கள், குளிர்ந்த காற்றை மெச்சினார்கள். புல்லைப் பார்க்கவில்லை. நீலமலையில் இயற்கையைக் காக்கும் முயற்சி என்று எழுதப்படுகிற நெடுங்கதை முழுவதிலும் இந்த ஒரு குறை விடாமல் தொடர்கிறது. இன்று வெப்பம் ஏறிவரும் காலத்தில் அதற்குரிய விலை கேட்கப்படுகிறது.

உதகையிலும் குன்னூரிலும் வாழ்கிற நம் வாசகர்களுக்கே இம்மலையின் பழைய தோற்றம் மறந்துவிட்டது. ஆகவே அதைச் சொல்ல வேண்டும். மேல்மலையின் பள்ளங்களிலும் மடிப்புகளிலும் குட்டையான, நெருக்கமான, பாசி போர்த்த மரங்கள் திட்டுத்திட்டாய் நிற்கும். அவை சோலைகள். அவற்றைச் சூழ்ந்த சரிவுகளும் முகடுகளும் முழுவதும் புல். சோலைக்கும் புல்லுக்கும் நடுவே தாழ்ந்த இடங்களில் காலை வைத்தால் அமிழும் சதுப்பு. சோலை என்ற நம் தமிழ்ச்சொல்லையே அறிவியலார் உலகெங்கும் அக்காட்டுக்குப் பெயராக ஏற்றுக்கொண்டனர். புல்லுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

மழை பெய்கிறபோது இம்மூன்றும் ஒன்றாகவே வேலை செய்கின்றன. சரிவில் விழும் நீரைப் புல்லின் நெருங்கிய வேர்கள் மண்ணுக்குள் இறக்குகின்றன. சதுப்பு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. கோடையில் அது சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஓடையாகிறது. பைக்காராவும் பவானியும் இப்படித்தான் பிறக்கின்றன. உதகையில் குடிக்கிறவர் மட்டுமல்லர், கோவையில் குடிக்கிறவரும் பவானிசாகர் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளைவிக்கிற ஈரோட்டு உழவரும் இந்தப் புல்லுக்குக் கடன்பட்டவர்களே. கடன்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது; மலையில் வாழும் நமக்கே தெரியாதபோது அவர்களைக் குறை சொல்வதெப்படி?

கோவை மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819 இல் மலையேறி வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் முதல் வீட்டைக் கட்டினார். பின்னர் உதகையை உருவாக்கினார். அவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். இம்மேய்ச்சல் நிலம் தோடருக்கு உரியது என்று தம் மேலதிகாரிகளோடு வாதிட்டவர் அவர். ஆயினும் அரசின் வருவாய்க் கணக்கில் ஏரும் மரமும் இல்லாத நிலத்துக்கு ஒரே பெயர்தான் இருந்தது: தரிசு. எருமை மேய்ந்த நிலம், கோயில் வேய்வதற்குப் புல் தந்த நிலம், ஒவ்வொரு குன்றுக்கும் ஓடைக்கும் தோடர் மொழியில் பெயரும் கதையும் பெற்ற நிலம், எழுத்தரின் எழுதுகோலில் வெற்றிடமாயிற்று. வெற்றிடம் என்று எழுதியாயிற்று என்றால் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் தானே பின்தொடரும்.

நிரப்புவதற்கு மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1830களிலும் 40களிலும் சீகை மரங்களும், 1843 இல் கற்பூர மரமும் இங்கே கொண்டுவரப்பட்டன. முதலில் அவை வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக நின்றன. படைவீரர் குடியிருப்பும் பங்களாக்களும் பெருகப் பெருக விறகுத் தேவை மிகுந்தது. நகரைச் சுற்றியிருந்த சோலைகள் வெட்டப்பட்டன. சோலைமரம் மெல்ல வளரும்; வெட்டிய இடத்தில் மீண்டும் எழுவதற்குத் தலைமுறைகள் ஆகும். அப்போது மேலதிகாரிகளுக்கு ஒரு வழி தோன்றிற்று. விரைந்து வளரும் அயல்மரத்தைப் புல்வெளியில் நட்டால் விறகுக்கு விறகும் ஆயிற்று, சோலையும் பிழைத்தது. 1863 இல் உதகையில் கற்பூர மரத்தோட்டம் முறைப்படி தொடங்கிற்று. அன்றைய நிலையில் இது கெட்ட எண்ணத்தால் பிறந்த செயலன்று. சோலையைக் காக்கும் ஏற்பாடாகவே அது கருதப்பட்டது. காட்டைக் காப்பதற்காகப் புல்லைக் கொடுத்தார்கள். கொடுத்தது என்னவென்று அறியாமலே கொடுத்தார்கள்.

வேட்டைக்காரர்கள் மட்டும் புல்லின் அருமையைச் சற்றே உணர்ந்திருந்தனர். வரையாடு திறந்த புல்வெளியிலும் பாறை விளிம்பிலும் மட்டுமே வாழும் விலங்கு. அது குறைந்து வருவதைக் கண்டு 1877 இல் வேட்டைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1879 இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. சுடுவதற்கு ஆடு வேண்டும் என்பதற்காக ஆட்டைக் காத்தார்கள் என்று இன்று நாம் நகைக்கலாம். நம் மாநிலத்தில் இயற்கைக் காவல் என்பது அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

விடுதலைக்குப் பின் ஆட்சி மாறிற்று. தரிசு என்ற சொல் மாறவில்லை. 1950 இல் வனமகோத்சவம் தொடங்கிற்று. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. பவானிக் கரையில் சிறுமுகையில் எழுந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் மேற்கு நீலகிரியின் பரந்த புல்வெளிகள் ஆயிரமாயிரம் ஏக்கராகச் சீகையும் கற்பூரமும் பைனும் நிறைந்த தோப்புகளாயின. 1932 இல் பைக்காராவில் தொடங்கிய மின்னாக்கம், கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டமாக விரிந்தபோது, புல் படர்ந்த பள்ளத்தாக்குகள் பல நீர்த்தேக்கங்களுக்குள் மூழ்கின. தோடருடைய மேய்ச்சல் சுருங்கிற்று. எருமைகள் குறைந்தன. மக்கள்தொகையில் இரண்டாயிரத்தை ஒட்டியே நிற்கும் ஒரு சமூகத்தின் வழிபாடு முழுவதும் எருமையைச் சுற்றி அமைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் இழந்தது மேய்ச்சல் மட்டுமன்று என்பது புலப்படும்.

இதை எழுதுகிற நானும் மரம் நட்டவன்தான். பள்ளியில் படித்த காலத்தில் ஒரு ஜூலை மாதம், எங்கள் பள்ளிக்குச் சொந்தமான புற்சரிவில் வகுப்பு வகுப்பாக நின்று சீகைக் கன்றுகளை நட்டோம். குருவானவர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது. மொட்டையாய்க் கிடந்த மலைக்கு ஆடை உடுத்தினோம் என்று ஆசிரியர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அது மொட்டை அன்று, புல்லே அதன் ஆடை என்று சொல்வதற்கு அன்று அங்கே எவரும் இல்லை.

சொல்ல வேண்டியவர்கள் வேறோர் இடத்தில் அளந்துகொண்டிருந்தார்கள். உதகையிலுள்ள மத்திய மண்வள நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தெரிந்தெடுத்தார்கள். இரண்டும் புல்லும் சிறு சோலையும் சதுப்பும் கொண்டவை. இரண்டிலும் ஓடையை அடைத்து, வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பிறகு 1970களில் ஒன்றில் மட்டும் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லாகவே விட்டார்கள். மரம் நட்ட பகுதியில் பத்தாண்டு கொண்ட முதற்சுழற்சியில் ஓடைநீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்த்த இரண்டாவது சுழற்சியில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. வேர் ஆழச் சென்ற மரம் கோடையிலும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கோடையில் ஓடை மெலிந்ததற்கு அதுவே காரணம்.

இவ்வளவு எளிய, இவ்வளவு தெளிவான ஆய்வு நம் நாட்டில் மிகக் குறைவு. அதை ஒவ்வொரு பள்ளியிலும் கற்பித்திருக்க வேண்டும். ‘மரம் நட்டால் மழை வரும், நீர் பெருகும்’ என்று மேடைதோறும் முழங்கிய நாள்களில் நம் மலையிலேயே ஓர் ஓடை அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மரம் நல்லது, சோலையில் சோலைமரம் நல்லது, சமவெளியில் வேம்பும் புங்கமும் நல்லது. நீலமலையின் புற்சரிவில் கற்பூர மரம் என்பது வேறு கணக்கு.

மற்றொரு சாட்சி சதுப்பின் அடியில் கிடந்தது. மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காய்ப் படிந்த கருமண்ணில் பழங்காலத் தாவரங்களின் அடையாளம் தங்கியிருக்கும். அம்மண்ணைக் குடைந்தெடுத்துக் கரிம அணுக்களை ஆராய்ந்தவர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிஞர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். 1993 இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோதே, இம்மலையில் புல்வெளி இருந்ததென்று காட்டிற்று. காட்டை வெட்டி எரித்ததால் உண்டான புல் இது, ஆகவே மீண்டும் காடாக்குவதே முறை என்று வாதித்தவர்களுக்கு அது விடையாயிற்று. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. உலகம் வறண்டபோது ஒருவகைப் புல் மேலோங்கிற்று, ஈரம் மிகுந்தபோது மரமும் வேறுவகைத் தாவரங்களும் பரவின. சோலைக்கும் புல்லுக்கும் இடைப்பட்ட எல்லையைத் தட்பவெப்பமே ஓயாமல் நகர்த்தி வந்திருக்கிறது. ஆனால் அன்று அது நகர்ந்தது ஆயிரமாயிரம் ஆண்டுகளில்.

காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் முற்றாக இல்லாமற் போகவில்லை. முதுமலை 1940 இலேயே சரணாலயமாயிற்று. குன்னூரில் வாழ்ந்த வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவீதார், 1975 இல் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கால்நடையாய்ச் சென்று வரையாடுகளை எண்ணினார். ஏறத்தாழ 2,200 என்று கணக்குக் கொடுத்தார். உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கின் முழுத்தொகை அவ்வளவே. 1982 இல் முக்கூர்த்தி சரணாலயமாயிற்று. 1990 இல் 78 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தேசியப் பூங்காவாயிற்று. இடையே 1986 இல் மூன்று மாநிலங்களைத் தழுவி 5,520 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் நீலகிரியின் பெயரால் அமைந்தது. 1996 இல் கூடலூர்க் காடுகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய ஆணை நாடு முழுவதும் காடு என்ற சொல்லின் பொருளையே விரித்து, மரம் வெட்டுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. 2012 இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுச் சொத்தாயிற்று. முக்கூர்த்தியும் அதில் அடக்கம்.

கோடு போட்டுக் காத்தாயிற்று. ஆனால் கோட்டுக்குள்ளே ஏற்கெனவே சீகை நின்றது. நடுவதை நிறுத்தினார்கள், வெட்டுவதும் நின்றது, சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயோ வெயிலோ பட்டதும் முளைக்கும். காவல் என்றால் கைவைக்காமல் விடுவது என்று பொருள்கொண்ட இடங்களிலெல்லாம் அது ஓசையின்றிப் புல்லுக்குள் நடந்து சென்றது. 1973 முதல் 2017 வரையுள்ள விண்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்நாற்பத்து நான்கு ஆண்டுகளில் மறைந்ததென்றும், அதற்குத் தலையாய காரணம் அயல்மரமே என்றும் கண்டார்கள். சோலையோ பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இப்போது வெப்பத்துக்கு வருவோம்.

நீலமலையில் புல் புல்லாகவே நிற்பதற்கு ஒரு காவற்காரன் உண்டு. அவன் பெயர் உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் திறந்த சரிவில் பனி உறைந்து வெண்துகில் விரிக்கும். புல் அதைத் தாங்கிக் காய்ந்து மீண்டும் துளிர்க்கும். சோலைமரத்தின் இளங்கன்று தாங்காது, கருகும். சோலைக்குள்ளே பனி இறங்குவதில்லை. ஆகவே மரம் அங்கேயே தங்கும். மரமும் புல்லும் ஒன்றையொன்று விழுங்காமல் ஊழிக்காலமாய் அருகருகே வாழ்ந்த இரகசியம் இதுதான். நீலமலையிலேயே கன்றுகளை நட்டு ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வொன்று இதை உறுதி செய்தது. சோலைக் கன்றுகள் மடிந்த இடத்தில் சீகைக் கன்று மேலாகப் பிழைத்தது. இரவின் குளிர் குறையுமானால் சீகைக்கே கொண்டாட்டம் என்பதும் அதில் தெரிந்தது. வெப்பம் ஏறுகிறது என்றால் பிறருக்குப் பகலில் வியர்க்கிறது என்று பொருள். இம்மலைக்கு அதன் பொருள் இரவுக் காவற்காரன் வேலைக்கு வருவதில்லை என்பதாகும்.

அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்திருக்கின்றன. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. 1951 க்குப் பின் அவ்வளவு வெப்பம் அங்கே பதிவானதில்லை. அதற்கு முந்திய மாதம் குன்னூரை அடுத்த காடு நாள்கணக்கில் எரிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர் நீர் சுமந்து வந்து ஊற்ற வேண்டியதாயிற்று. புல் எரிந்தாலும் அதன் கரிமத்தின் பெரும்பங்கு மண்ணுக்குள் வேரில் பத்திரமாய் இருக்கும். அடுத்த மழையில் பசுமை திரும்பும். எண்ணெய் ஊறிய இலைகளைக் கொண்ட கற்பூரத் தோப்பு எரிந்தால் சேமித்ததெல்லாம் புகை. மறுபுறம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. சரிவுகள் பிளந்து இறங்கின. அப்படிப்பட்ட மழையை எந்தப் புல்லும் சோலையும் முற்றிலும் தாங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1978 இலும் 2009 இலும் மலை சரிந்து மக்கள் மாண்டதை நம் பங்குகள் அறியும். அடக்கச் சடங்குகளில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மழை கொட்டுவதும் பொய்ப்பதும் கூர்மையாகிவரும் நாளில், மெல்ல வாங்கி மெல்ல விடுகிற மண் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நமக்கு அவகாசம்.

அப்படியானால் சீகையை வெட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். சென்னை உயர்நீதிமன்றம் அயல்மரங்களை அகற்றும்படி ஆணையிட்டது. 2022 இல் தமிழக அரசு இதற்கெனவே ஒரு கொள்கை வகுத்தது. 2023 இல் வரையாட்டுத் திட்டம் தொடங்கிற்று; அதன் முதல் வேலைகளுள் ஒன்று புல்வெளியை மீட்பது. 2024 இல் எண்ணியபோது தமிழகத்தில் 1,031 வரையாடுகள் இருந்தன. இவை நல்ல செய்திகளே. ஆனால் வெட்டிய இடத்தில் புல் வரும் என்பது உறுதியில்லை. வெயில் பட்டதும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் எழும். அயலிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்புதர்களும் பெரணியும் முந்திக்கொள்ளும். புல்லை நாற்றாக வளர்த்து, கைப்பிடி கைப்பிடியாக நட்டு, ஆண்டுதோறும் களை பிடுங்கினால்தான் அது மீளும். மறுபக்கம், சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகளே முளைத்து வருவதைப் பழனி மலையில் கண்டிருக்கிறார்கள். அங்கே வெட்டுவது பிழை. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, எங்கே காத்திருப்பது என்று சரிவு சரிவாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஓர் ஆணையைக் கொண்டு முழு மலையையும் ஆளலாம் என்ற எண்ணத்தால்தான் 1863 இல் நட்டார்கள்.

விறகுச் சுமை தலையில் ஏந்தி வரும் பெண்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். சீகைதான் பல ஏழை வீடுகளின் அடுப்பு. தேயிலையின் கதையும் அப்படிப்பட்டதே. 1964 இல் சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி இலங்கையிலிருந்து வந்திறங்கிய தமிழருக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் அரசு காட்டு நிலத்தில் தேயிலை பயிரிட்டது. நம் மறைமாவட்டத்து இறைமக்களில் எத்தனை குடும்பங்கள் அந்தக் கப்பலில் வந்தவை! 2022 இல் அத்தோட்ட நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, காட்டுக்கு நல்லது என்று மகிழ்ந்தவர் உண்டு. எங்கள் வீடும் வேலையும் என்னாகும் என்று கலங்கியவர்களும் உண்டு. இரண்டாவது குரலைக் கேளாத இயற்கைக் காவல், தோடரிடம் கேளாமல் புல்லை நிரப்பியவர்களின் காவலைப் போன்றதே.

திருச்சபைக்கு இதில் சொல்ல ஏதேனும் உண்டா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 புத்தாண்டின் அமைதிச் செய்தியைச் சுற்றுச்சூழலுக்கே ஒதுக்கினார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் பலர் கவனியாத ஓரிடம் இருக்கிறது. இயற்கைக் காட்டின் இடத்தில் ஒரே இன மரத்தோட்டம் வைப்பதால் விளையும் கேட்டை எவரும் சரியாக ஆராய்வதில்லை என்று அங்கே குறைப்படுகிறார். அவர் நீலமலையைப் பார்த்ததில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரக் காப்பகத்தைத் தோற்றுவித்த இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ அடிகளார் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மலையுச்சிச் செடிகளை ஒவ்வொன்றாய்த் தொகுத்தார். 1969 இலேயே கொடைக்கானலின் அயல்செடிகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். நம் குருக்களில் ஒருவர் புல்லுக்கும் பூண்டுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்த நாள்களில், பங்கு மக்களாகிய நாம் சீகைக் கன்றுகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தோம். தொடக்கநூலின் தோட்டத்தில் மனிதனுக்கு உழைப்போடு காவலும் ஒப்படைக்கப்பட்டது என்று மறைக்கல்வியில் படித்தோம். தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வதும் காவலில் சேரும் என்று எவரும் விளக்கவில்லை. அல்லது நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று மீண்டும் மரம் நடும் காலம் வந்திருக்கிறது. காற்றிலுள்ள கரிமத்தைக் குறைக்க இத்தனை கோடி மரங்கள் என்று உலகெங்கும் கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போடுகிறவர்களின் வரைபடத்தில் புல்வெளி மறுபடியும் வெற்றிடமாகவே தெரிகிறது. நல்லெண்ணம் மிகுந்த நிறுவனங்களும், நம் பங்கு இளைஞர் குழுக்களும் சுற்றுச்சூழல் நாளன்று கன்றுகளோடு புறப்படுகிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி இளைஞர் சிலர் என்னிடம் வந்து, எங்கே நடலாம் ஐயா, பெரியவர் நீங்கள் ஓரிடம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். நான் அவர்களைப் பழைய பள்ளியின் பின்புறச் சரிவுக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் நட்ட மரங்களை உரிய அனுமதியோடு வெட்டி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. சரிவு முழுவதும் முழங்கால் உயரச் சீகைக் கன்றுகள். அவற்றினிடையே அங்கங்கே புல்லின் தாள். நடவேண்டாம், இவற்றைப் பிடுங்குங்கள் என்றேன். ஒருவன் சிரித்தான், மரத்தைப் பிடுங்கவா சுற்றுச்சூழல் நாள் என்றான். சொல்லிப் புரிய வைக்க அரைமணி நேரம் பிடித்தது. பிறகு மதியம் வரை பிடுங்கினோம், கால்பங்குகூட முடியவில்லை. அந்த மண்ணில் உள்ள விதை என் ஆயுளைக் கடந்தும் முளைக்கும். இவ்வாண்டும் முதல் மழை பெய்து மண் இளகியதும் போவதாக இருக்கிறோம். கையுறை கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.